இரண்டு கிலோ

இதயம் பலவீனமானவர்கள் ஆஸ்பத்திரியில் தேறிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் மோசமாகிறார்கள். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ மூச்சு முட்ட முட்டத் தூக்கிப் போகிறோம். ஊசி போடுகிறார்கள், உடம்பில் தேங்கிய நீர் இறங்குகிறது, சில நாளில் தன் காலால் நடந்து வந்துவிடுகிறார். கையில் மாத்திரைச் சீட்டு, 'உப்பைக் குறைங்க' என்று ஒரு சொல். அதற்குப் பிறகு அவரை யார் பார்த்துக்கொள்வது?

என் சித்தப்பாவை வைத்துத்தான் இந்தக் கேள்வி எனக்குள் வளர்ந்தது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும்; விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நிற்கும். அதை அவர் வேட்டிக்குள் மறைத்து வைத்திருந்தார். சொன்னால் பையனுக்கு ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை. பஸ் ஏற வேண்டிய நாளில் நீர் மாத்திரையைப் போட மாட்டார். அது போட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும். வழியில் எங்கே இறங்குவது? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று இப்படிப்பட்டவர்களைக் கடிந்துகொள்கிறோம். அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

உப்பு சங்கதியும் அப்படித்தான். மரக்காணத்து உப்பளங்கள் எங்களுக்குக் கிட்டத்தில். கூழுக்குக் கருவாடு, கஞ்சிக்கு ஊறுகாய் என்று வளர்ந்த நாக்கு. இதயம் சரியாக இறைக்காதபோது சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அது காலுக்கும் நுரையீரலுக்கும் போகும். படுத்தால் மூச்சு வாங்கும், ஒரு தலகாணி இரண்டாகும். இவ்வளவும் நடக்கும் முன்பே பல நேரம் எடை காட்டிக்கொடுத்துவிடும். காலையில் ஒன்றுக்குப் போய் வந்து, சாப்பிடும் முன் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். அன்றைக்கே மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் மாத்திரை அளவைக் கூட்டியே சமாளித்துவிடலாம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எழுபது வயதைத் தாண்டிய 282 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1995இல் வெளியானது. பாதிப் பேருக்குச் செவிலியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார், வீட்டுக்குப் போனார், போனில் விசாரித்தார். அவர்கள் இதயப் பலவீனத்துக்காக மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வது பாதிக்கும் கீழே குறைந்தது. நோய் மேலாண்மைத் திட்டம் என்று பெரிய பெயரில் சொல்வதன் உயிர் இந்த விசாரிப்பில் இருக்கிறது. நம் பக்கத்து நிலவரம் கவலைக்குரியது. திருவனந்தபுரத்தில் 2013இல் இந்த நோயோடு சேர்ந்த 1,205 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஐந்தே ஆண்டில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள்.

விசாரிப்பது வீட்டார் வேலைதானே என்று கேட்கலாம். சித்தி கேட்கத்தான் செய்தார். "மாத்திரை போட்டியா?" என்று அவர் கேட்டால் சித்தப்பாவுக்குச் சுள்ளென்று வரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் பெண், "தாத்தா, கால காட்டுங்க" என்றால் மறுபேச்சில்லாமல் வேட்டியை விலக்குவார். மனைவி கேட்டால் நச்சரிப்பு, வெளியாள் கேட்டால் அக்கறை. இதில் சித்திக்கு நடந்த அநியாயத்தை நான் மறக்கவில்லை. நாள் முழுக்கக் கவலையைச் சுமந்தவர் அவர்தான். ஆனாலும் நோயாளியைக் கண்காணிக்கும் பாரத்தை முழுக்க அன்பின் தலையில் கட்டினால் அந்த அன்பே கசந்துபோகிறது. அதைச் சம்பளத்தோடு ஒருவருடைய வேலையாக்குவதுதான் குடும்பத்துக்கும் நல்லது.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே வருகிறது, 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. வாசல்வரை வந்துவிட்ட அந்தப் பெண்ணிடம் எடை பார்க்கும் மெஷின் ஒன்றும், வீட்டில் மாட்டிவைக்க எடை எழுதும் அட்டை ஒன்றும் கொடுக்கலாம். அட்டையில் இரண்டு கிலோ ஏறியதைக் கண்டால் அவர் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் முக்கியம். முண்டியம்பாக்கத்தில் அந்தப் போனை எடுக்க ஒரு செவிலியர் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையிலும்.