ஈட்டியின் நேர்மை

பிளேட்டோ தம் முதுமையில் இயற்றிய 'சட்டங்கள்' என்னும் சம்பாஷணை நூலின் ஏழாம் பாகத்தில், ஏதென்ஸ் நகரத்துப் பெரியவர் ஒருவர், கிரீட் தீவில் தம்மோடு வழிநடக்கும் இருவருக்கு வேட்டையின் வகைகளைப் பிரித்துக் காட்டுமிடத்து, தூண்டிலும் மீன்பொறியும் இளைஞர் மனத்தை ஒருநாளும் கவராதிருக்க வேண்டுமென்று விரும்புகிறார். மனிதன் உறங்கினாலும் விழித்திருந்தாலும் அவனுக்குப் பதிலாகப் பொறியே உழைக்குமாயின் அதில் அவனுக்கு என்ன கீர்த்தி என்பது அவர் அபிப்பிராயம். குதிரையும் நாயும் தன் தேகபலமும் துணையாக நாற்கால் விலங்கைத் துரத்திச் செல்வதையே உத்தமமான வேட்டையாகக் கொள்கிறார். மூச்சை அடக்கிக்கொண்டு தானே சமுத்திரத்துக்குள் இறங்கி, கையிலுள்ள ஈட்டி ஒன்றினால் ஆளுயர மீனைக் குத்துகிறவனைப் பற்றி அவர் பேசவில்லை. பேசியிருந்தால் அவனை எவ்வகுப்பில் சேர்த்திருப்பார் என்பது வெறும் பொழுதுபோக்கு வினாவென்று எனக்குத் தோன்றவில்லை. ஓர் உயிரைக் கொல்லும் செயலை, கொல்லுகிறவனுடைய சிரமம் எவ்வளவு தூரம் நியாயப்படுத்தும் என்ற பழைய தர்மவிசாரம் அதனுள் அடங்கியிருக்கிறது.

ஹவாயிலும் பஹாமாஸ் தீவுகளிலும் இன்றும் வழங்கும் அந்த ஆயுதம் மிக எளியது. ஆளுயரத்தைவிட நீண்ட கழி. அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம். நுனியில் கூரிய முனை. வளையத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாட்டி, ரப்பர் விறைக்கும்வரை கையைக் கழியின்மேல் முன்னோக்கி நகர்த்திப் பற்றிக்கொண்டு, தக்க தருணத்தில் பிடியை விட்டால் ஈட்டி பாய்கிறது. பூட்டி வைக்க விசை கிடையாதாகையால், இழுத்த ரப்பரைக் கைதான் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். பெரிய மீனுக்கென்று செய்யும் முனை, உடலை ஊடுருவியதும் கழியிலிருந்து கழன்று, மறுபுறத்தில் குறுக்காகத் திரும்பி நின்றுவிடும். அதினின்று புறப்படும் கயிறு கடல்மட்டத்து மிதவையோடு பிணைந்திருப்பதால், குத்துண்ட மீன் மனிதனை இழுக்காமல் மிதவையை இழுத்தே களைக்கும்.

கழலும் முனையும் புதிய கற்பனையன்று. மெசினா ஜலசந்தியில் ஸ்கில்லாப் பாறையருகே வாள்மீன் வேட்டையாடியவர்கள் அதையும் நீண்ட கயிற்றையும் கையாண்ட விதத்தைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பொலிபியஸ் எழுதியதாக ஸ்டிராபோ எடுத்துரைக்கிறார். உயரத்தில் காவலிருப்பவன் குறி சொல்ல, ஈராள் படகில் ஒருவன் துடுப்பு வலிக்க, மற்றவன் ஈட்டியோடு முன்நிற்பான். மீனின் வாள் படகைத் துளைத்துத் துடுப்பு வலிப்பவனைக் காயப்படுத்துவதும் உண்டாம். அந்த அபாயத்தை அவர்கள் ஒரு புண்ணியமாகக் கருதினார்களென்று பொலிபியஸ் சொல்லவில்லை. ஜீவனத்துக்குரிய கஷ்டங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவே.

இக்காலத்து ஈட்டிக்காரனோ வேறு வகையினன். விசையுள்ள ஈட்டித்துப்பாக்கி கடையில் கிடைக்கும்போது அதை வேண்டாமென்று தள்ளுகிறான். ஒரே மூச்சில் மீனின் உலகத்துக்கே போகிறேன், என் ஆயுதம் சில முழ தூரத்துக்குமேல் எட்டாது, கண்ணால் தேர்ந்த ஒரு மீனையன்றி வேறொன்றையும் தொடுவதில்லை, என் உயிரையும் பணயமாக வைக்கிறேன் என்பன அவன் தரப்பு நியாயங்கள். அவற்றை இலேசாகத் தள்ளிவிட முடியாது. வலையில் வேண்டாத உயிர்களும் சேர்ந்து மடிகின்றன. ஈட்டியில் அந்த அநியாயமில்லை. அபாயமும் மெய்யே: முழுகுமுன் அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் உடலிலுள்ள கரியமிலவாயு குறைந்து, மூச்சுவிடத் தூண்டும் எச்சரிக்கை தாமதப்படுகிறது, மேலே ஏறும்போது நீரின் அழுத்தம் தணியத் தணிய, எஞ்சிய பிராணவாயுவும் மூளைக்கு எட்டாமற்போய், கரைகண்ட தைரியத்தோடு வருகிறவன் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பிரக்ஞை இழக்கிறான். தேர்ந்தவர்களே இவ்வாறு மாண்டிருக்கிறார்கள்.

ஆயினும், சம பலத்தோடு நடக்கும் துவந்த யுத்தம் போன்ற ஒரு தோற்றத்தை இவ்வேட்டைக்குக் கொடுப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை. நிபந்தனைக்கு உட்பட்ட போர் இரு தரப்பாரும் இசைந்த பின்னரே நிபந்தனையுடையதாகும். மீனோ எதற்கும் இசைந்ததில்லை. இதனினும் முக்கியமான ஒன்று, ஈட்டி எவ்வளவு பலவீனமோ அவ்வளவு நெருக்கம் வேண்டியிருக்கிறது என்பது. அடியே தெரியாத நீலக்கடலில் மஞ்சள் துடுப்புச் சூரையையோ, வஞ்சிரத்துக்கு உறவான வாஹூவையோ மனிதன் நீந்திப் பிடிக்க இயலாது. நீந்துவதை நிறுத்தினால் சுவாசிக்கவே முடியாத பிராணியாகிய சூரையின் வேகத்துக்கு முன் நம் கால்கள் எம்மாத்திரம்! ஆகவே மீன்தான் அவனிடம் வரவேண்டும். வருவதற்காக அவன் மினுமினுக்கும் தகடுகளை நீரில் தொங்கவிடுகிறான். அரிந்த மீன்துண்டுகளைத் தூவுகிறான். மீன் தென்பட்டதும் அதை நோக்கி நீந்தாமல் பக்கவாட்டில் ஒதுங்கி, அதன் கண்ணை நேருக்கு நேர் பாராமல், அக்கறையற்றவன்போல் பாவனை செய்கிறான். வேறெங்கும் காணாத ஒன்றைக் கண்ட ஆச்சரியத்தால், அது என்னவென்று அறிய மீன் திரும்பி வருகிறது. அந்தத் திரும்புதலே அதற்கு முடிவு. அதைக் கொன்றது கழியா, ரப்பரா, அதன் சொந்த சுபாவத்திலுள்ள அறியும் ஆவலா என்று கேட்டால், மூன்றாவதையே நான் சொல்வேன்.

மறைந்து நின்று அம்பெய்ததற்காக வாலி இராமனைக் கேட்ட கேள்வி நம் நாட்டில் எத்தனையோ தலைமுறையாக ஓயவில்லை. வால்மீகியின் இராமன் சொல்லும் சமாதானங்களில் ஒன்று, மாமிசம் உண்ணும் மனிதர் விலங்குகளை வலையாலும் கண்ணியாலும் மறைவிலிருந்தும் கொல்வதுண்டு, அதில் தோஷமில்லை என்பது. அச்சமாதானம் வாலிக்குப் பொருந்துமோ பொருந்தாதோ, ஒரு விஷயத்தில் அது நேர்மையானது: வேட்டையில் வஞ்சனை உண்டென்பதை அது ஒளிக்கவில்லை. ஈட்டிக்காரன் மரத்தின்பின் மறையவில்லை. தன் நோக்கத்தின்பின் மறைகிறான். அதனால் அவன் மற்ற வேட்டைக்காரரினும் கெட்டவனாகிவிட மாட்டான். மேலானவன் என்ற பட்டத்தை மட்டும் நாம் அவசரப்பட்டுக் கட்டவேண்டியதில்லை. அன்றியும், வலிமை குறைந்த ஆயுதம் உயிர்நிலையைத் தவறவிட்டால், முனையைப் பிய்த்துக்கொண்டு ஆழத்துக்கு ஓடும் மீன் அங்கே துடித்தே சாகும். தன் பெருமைக்காக மனிதன் ஏற்ற குறைபாட்டின் விலையில் ஒரு பங்கை அவன் அறியாமலே மீன் செலுத்துகிறது.

அப்படியானால் கட்டுப்பாடு எங்கே இருக்கவேண்டும்? பழைய ஹவாயில் மீனவர் கூஊலா என்னும் தெய்வத்துக்குக் கடலோரத்தில் கற்களை அடுக்கிக் கோவிலமைத்து, பிடித்ததில் முதல் மீனை அங்கே படைத்தார்கள். அக்கு என்னும் சூரையும், ஓபேலு என்னும் சிறுமீனும் ஆண்டில் ஏறத்தாழ ஆறாறு மாதம் மாறி மாறி விலக்கப்பட்டிருந்தன. ஒன்றைப் பிடிக்கும் காலத்தில் மற்றொன்றைத் தொடலாகாது. கபு எனப்பட்ட இத்தகைய விலக்குகளை மீறுவோருக்கு மரண தண்டனையும் உண்டு. 1819இல் அரசன் லிஹோலிஹோ பெண்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு அம்முறை முழுவதையும் ஒழித்தான். பயத்தால் நடத்திய தர்மத்தை நான் புகழவரவில்லை. ஆனால் அங்கே விரதம் ஆயுதத்தில் இல்லை, காலத்தில் இருந்தது. விலக்கிய ஆறு மாதத்தில் மீன் மெய்யாகவே பிழைத்தது. பஹாமாஸ் சர்க்கார் ஈட்டித்துப்பாக்கியைத் தடைசெய்து, இந்தக் கழியீட்டியை அனுமதித்திருப்பது ஆயுதத்தைப்பற்றிய விதியாயினும், மீனுக்குப் பயன்படுவதால் அதையும் இவ்வாறே கொள்ளலாம். பிடிபடும் தொகை குறையும், வேட்டைக்காரனின் ஆன்ம மேன்மையைச் சட்டம் விசாரிப்பதில்லை.

நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தரைப்பற்றிச் சேக்கிழார் கூறுவதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. நாள்தோறும் ஒரு மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவந்த அப்பரதவர், வலையில் ஒரேயொரு மீன் அகப்பட்ட நாட்களிலும் அதையே விட்டுவிட்டு, சுற்றத்தாரோடு பசித்திருந்தார். பொன்மீன் அகப்பட்ட நாளிலும் வழக்கத்தை மாற்றவில்லை. அவர் கையாண்டது, பிளேட்டோவின் பெரியவர் இகழ்ந்த பொறியைப் போன்ற வலைதான். ஆயினும் அவர் ஏற்ற கஷ்டத்தால் ஒரு மீனாவது உயிரோடு கடலுக்குத் திரும்பியது. ஈட்டிக்காரன் ஏற்கும் கஷ்டமோ, எட்டும் தூரத்துக்கு வந்துவிட்ட மீனுக்கு எந்த விதத்திலும் உபயோகப்படுவதில்லை.