செய்து தருதலும் செய்யவிடுதலும்

அமெரிக்கச் சிற்றூர்களில் ‘செவிலியர் பராமரிப்பு மற்றும் மறுவாழ்வு இல்லம்’ என்ற பெயர்ப்பலகை தாங்கிய கட்டடங்கள் பெரும்பாலும் நீண்ட நடைபாதையின் இருமருங்கும் அறைகள் வரிசையாக அமைய, நடுவில் செவிலியர் மேசையுடன், ஒரு சிறு மருத்துவமனையின் சாயலிலேயே காணப்படுகின்றன. இச்சாயல் தற்செயலாக வந்ததன்று. மருத்துவமனைகள் கட்ட நிதி வழங்குவதற்காக 1946இல் இயற்றப்பட்ட ஹில்-பர்ட்டன் சட்டம் 1954இல் திருத்தப்பட்டு, பராமரிப்பு இல்லங்களுக்கும் அந்நிதி கிடைக்கத் தொடங்கியபோது, அவற்றின் கட்டட அமைப்பும் அன்றாட ஒழுங்கும் மருத்துவமனையைப் பின்பற்றியே உருவாயின. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் வறியோருக்கான மெடிகெய்டும் 1965இல் சட்டமான பின்னர் இத்தகைய இல்லங்கள் விரைந்து பெருகின.

இவற்றில் இருவகை மனிதர்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்தபின்னோ பக்கவாதத்தின் பின்னோ சில வாரப் பயிற்சி பெற்று வீடு திரும்பும் நம்பிக்கையோடு வந்தவர்கள் ஒரு வகையினர். வீடு திரும்புதல் இனி இயலாது என்று முடிவாகி, எஞ்சிய காலத்தை அங்கேயே கழிக்க வந்தவர்கள் மற்றொரு வகையினர். முன்னவருக்கு அது வழியில் தங்கும் இடம், பின்னவருக்கு அதுவே முகவரி. ஆயினும் காலையில் கண்விழித்ததும் இருவரையும் ஒரே நிகழ்வு எதிர்கொள்கிறது: முகம் கழுவவும் உடை மாற்றவும் வேறொருவர் வந்து கட்டிலருகே நிற்கிறார். வலுக்குறைந்த உடலுக்கு உதவுவது என்றால் அவருக்காகச் செய்து தருவதா, அவரையே செய்யவிடுவதா, இவ்விரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை யாருடையது என்னும் கேள்வி அந்தக் கட்டிலருகே ஒவ்வொரு நாளும் எழுகிறது.

கேள்வியின் கனத்தை உணர, ஒரு சட்டை அணியும் செயலைச் சற்று நெருங்கிப் பார்ப்பது போதும். எழுந்திருத்தலையும் நிற்றலையும் நடத்தலையும் பழக்குவது பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம். உண்ணுதல், குளித்தல், உடுத்துதல் போன்ற அன்றாடச் செயல்களை மீண்டும் கைவரச் செய்வது ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சை. வலப்பக்கம் செயலிழந்த ஒருவருக்கு இச்சிகிச்சையாளர் முதலில் கற்றுத்தருவது, அணியும்போது செயலிழந்த கை முதலில், கழற்றும்போது அதுவே கடைசியில் என்னும் விதியாகும். கட்டில் விளிம்பில் இரு பாதமும் தரையில் பதிய அமர்ந்து, சட்டையை மடியில் விரித்து, நல்ல கையால் மற்றக் கையை எடுத்துச் சட்டைக் கைக்குள் நுழைத்து, முழங்கையைத் தாண்டித் தோள்வரை அதை இழுத்துவிட வேண்டும். தோள்வரை ஏற்றாமல் விட்டால், அடுத்த படிக்குச் செல்லும்போது அது மீண்டும் நழுவிவிடும். பிறகு காலரைப் பிடித்துக் கழுத்தின் பின்புறமாகக் கொண்டுவந்து, நல்ல கையை மறுபுறம் நுழைத்து, இரு ஓரங்களும் சமமாக இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் வசதிக்காகக் கீழிருந்து மேலாகப் பட்டன்களைப் போட வேண்டும். ஒரு கையால் பட்டன் போடுவதற்கென்றே, கைப்பிடியின் முனையில் கம்பி வளையம் பொருத்திய சிறு கருவியும் உண்டு. பழகிய உதவியாளருக்கு இவையனைத்தும் இரண்டு மூன்று நிமிட வேலை. பயிலும் நிலையில் இருப்பவருக்கோ கால் மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். அந்நேரமெல்லாம் அருகில் நிற்பவர், நழுவிய சட்டைக் கையைத் தாமே இழுத்துவிடத் துடிக்கும் தம் கைகளை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பராமரிப்புத் தொழிலில் இதைவிடக் கடினமான திறன் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அவர் எதுவும் செய்யாமல் சும்மா நிற்பதாகவே தோன்றும்.

இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்பவர் மருத்துவரோ சிகிச்சையாளரோ அல்லர், சான்றிதழ் பெற்ற செவிலி உதவியாளரே ஆவார். 1987ஆம் ஆண்டின் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் இவர்களுக்கென்று விதித்துள்ள குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரமாகும். காலை உணவுக்குள் பலரை எழுப்பி, கழிப்பறைக்கு அழைத்துச் சென்று, உடுத்தி, கூடத்தில் அமர்த்த வேண்டிய அவர், ஒருவர் கால் மணி நேரம் பட்டனோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் தாமே போட்டுவிடுகிறார் என்றால், அது இரக்கமின்மையால் அன்று. பெரும்பாலும் இரக்கத்தாலும் அவசரத்தாலும் ஒருசேர நிகழ்வது. மார்கரெட் பால்டஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் முதியோர் இல்லங்களில் உதவுவோரும் உதவி பெறுவோரும் ஒருவரோடொருவர் பழகும் விதத்தைப் பல ஆண்டுகள் கூர்ந்து நோக்கி, கவலைக்குரிய ஒழுங்கு ஒன்றை எடுத்துக்காட்டினார். முதியவர் தம்மால் இயலாது என்று காட்டும்போது உடனே ஆள் வருகிறது, பேச்சு கிடைக்கிறது, தொடுகை கிடைக்கிறது; தாமே ஒன்றைச் செய்துகொள்ளும்போதோ அது கவனிக்கப்படாமலே கடந்துபோகிறது. இதன் விளைவாக, இயலாமையில் ஒரு பகுதி நோயிலிருந்து வராமல், பிறரின் அருகாமையைப் பெறும் வழியாகக் கற்றுக்கொள்ளப்படுவதாக அமைகிறது என்பது அவர் கருத்து. தனிமையில் வாடும் ஒருவர், தம்மால் முடிந்ததைக் கைவிட்டால்தான் மனிதக் குரல் கேட்கும் என்று கற்றுக்கொள்வது எவ்வளவு கொடிய பாடம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுவாழ்வு மருத்துவம் இயலுமையை அளப்பதற்கு வைத்திருக்கும் கருவிகளுள் பரவலானது பார்த்தெல் குறியீடு. ஃபுளோரன்ஸ் மஹோனி, டொரோத்தியா பார்த்தெல் ஆகிய இருவர் 1965இல் வெளியிட்ட இக்குறியீட்டில் பத்துச் செயல்களுக்கு மொத்தம் 100 புள்ளிகள்: உணவுக்கு 10, உடுத்தலுக்கு 10, நாற்காலிக்கும் கட்டிலுக்கும் இடையே மாறுவதற்கு 15, நடத்தலுக்கு 15, குளியலுக்கு 5 என்றவாறு அது செல்கிறது. முழுப் புள்ளி பெற்றவர் தனியே வாழ வல்லவர் என்று பொருளாகாது என்பதை அதை உருவாக்கியவர்களே தெளிவுபடுத்தியிருந்தார்கள். சமைத்தலும் வீட்டைப் பேணுதலும் நாலுபேரோடு பழகுதலும் அதன் கணக்கில் இல்லை. பின்னர் வந்த வழிகாட்டுதல்கள், ஒருவர் செய்யக்கூடியதைக் குறிக்காமல் அன்றாடம் உண்மையில் செய்வதையே குறிக்க வேண்டும் என்று வலியுறுத்தின. எனவே பட்டன் போடத் தெரிந்தும், போட விடப்படாதவர் அந்தத் தாளில் இயலாதவராகவே பதிவாகிறார்.

பணம் இந்தப் போக்குக்குத் துணைநின்ற விதத்தையும் சொல்லியாக வேண்டும். மெடிகேர் காப்பீட்டின் வழக்கமான விதிப்படி, குறைந்தது மூன்று நாள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தவருக்கு, ஒரு நோய்க்காலத்தில் அதிகபட்சம் 100 நாள்வரை இல்லப் பராமரிப்புச் செலவு கிடைக்கும்; முதல் 20 நாளுக்கு முழுமையாகவும், அதன்பின் நோயாளியும் ஒரு பங்கு செலுத்தும் முறையிலும் அது அமையும். 2019 அக்டோபர்வரை நடைமுறையிலிருந்த கட்டண முறை, சிகிச்சையாளர் ஒரு நோயாளியோடு வாரத்தில் எத்தனை நிமிடம் செலவிட்டார் என்பதைப் பெரிதும் பொறுத்திருந்தது. 720 நிமிடத்தை எட்டினால் உச்ச வகை. உடற்பயிற்சிக் கூடத்தில் கழிந்த நிமிடங்கள் இவ்வாறு பணமாக எண்ணப்பட்டபோது, அங்கே கற்றதை மறுநாள் காலை கட்டிலருகே செய்து பார்ப்பதற்கு உதவியாளர் காத்துநிற்கும் நிமிடங்களுக்கு அக்கணக்கில் இடமே இருக்கவில்லை. முன்னேற்றம் நின்றுவிட்டது என்று குறிப்பெழுதி, அதையே காரணமாக்கிச் செலவை நிறுத்தும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் 2011இல் தொடுக்கப்பட்ட ஜிம்மோ வழக்கு, 2013இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டில் முடிந்து இதைத் திருத்தியது: உடல்நிலை மேம்படுமா என்பது அளவுகோல் அன்று, இருக்கும் நிலையைக் காக்கவோ சரிவைத் தாமதப்படுத்தவோ தேர்ந்தவரின் பணி தேவையா என்பதே அளவுகோல் என்று தெளிவாயிற்று. தேறாதவருக்கும் மறுவாழ்வு உண்டு என்பதைச் சட்டத்தின் மொழியில் சொன்ன அந்த உடன்பாடு, இத்துறையின் அறச்சிந்தனையில் ஒரு பெரிய நகர்வாகும்.

செய்யவிடுதலின் ஆற்றலுக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரிலிருந்த சேஸ் நினைவுப் பராமரிப்பு இல்லம். 1991இல் அதன் மருத்துவப் பொறுப்பாளராக வந்த பில் தாமஸ் என்ற இளம் மருத்துவர், சலிப்பு, தனிமை, கையறுநிலை ஆகிய மூன்றுமே அங்குள்ளோரை வாட்டும் உண்மையான நோய்கள் என்று கண்டு, இரண்டு நாய்களையும் நான்கு பூனைகளையும் நூறு பறவைகளையும் இல்லத்திற்குள் கொண்டுவந்தார். தோட்டமும், ஊழியர்களின் பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்து பொழுது கழிக்கும் ஏற்பாடும் உடன் சேர்ந்தன. மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே 2014இல் வெளியிட்ட ‘பீயிங் மோர்ட்டல்’ நூலில் இம்முயற்சியை விரிவாக எழுதியுள்ளார். ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொண்ட மற்றோர் இல்லத்தைவிட இங்கே ஆளுக்கு எழுதப்பட்ட மருந்துகள் பாதியாயின, இறப்புகள் 15 விழுக்காடு குறைந்தன என்பது அவர் தரும் தகவல். ஓரிரு இல்லங்களை வைத்துக் காரணகாரியத்தை உறுதியாக நிறுவிவிட முடியாது என்பது உண்மையே. எனினும், பறவைக்குத் தீனி வைக்கும் பொறுப்பை ஏற்றவர் அன்றுவரை பெறுபவராக மட்டுமே இருந்தவர் என்பதும், தருபவராக மாறியபின் அவர் எழுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது என்பதும் எண்ணிக்கைகளைக் காட்டிலும் கருதத்தக்கவை. பயிற்சிக் கூடத்தில் இணைகோல்களைப் பிடித்து நடக்கும் பத்தடிக்கும், நாயை வெளியே அழைத்துச் செல்ல நடக்கும் பத்தடிக்கும் தசைகளின் வேலை ஒன்றுதான். ஆனால் முதலாவதை மறுநாளும் செய்யச் சொல்ல ஒருவர் வர வேண்டும், இரண்டாவதற்கு நாய் வந்து நின்றாலே போதும்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டபின், எதிர்ப்பக்கத்து வாதம் ஒன்றையும் முழுமையாகக் கேட்க வேண்டும். 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வலுப்பெற்ற சுயசார்பு வாழ்வு இயக்கத்தினர், மறுவாழ்வு மருத்துவம் ‘தானே செய்தல்’ என்பதை ஒரு தெய்வமாக்கிவிட்டது என்று கண்டித்தார்கள். உதவியாளரைக் கொண்டு கால் மணி நேரத்தில் உடுத்திக்கொண்டு வேலைக்குச் செல்பவரையும், தாமே இரண்டு மணி நேரம் போராடி உடுத்திவிட்டுக் களைத்து வீட்டிலேயே கிடப்பவரையும் ஒப்பிட்டால், உண்மையில் சுதந்திரமானவர் யார் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான இக்கேள்வி, முன்னர் கூறியதை மறுக்காமல் ஆழப்படுத்துகிறது. சட்டை யார் கையால் அணியப்படுகிறது என்பது முதன்மையன்று. இருக்கும் சிறிதளவு வலுவை எதற்குச் செலவிடுவது என்று யார் தீர்மானிக்கிறார் என்பதே முதன்மையானது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸின் வாழ்க்கை இதற்கு ஒளியூட்டுகிறது. 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவரது முயற்சியால் உருவான மறுவாழ்வு நிலையம் 1966இல் வேலூரில் திறக்கப்பட்டது. அறுவை மேசைவரை தம் நாற்காலியைப் பிறர் தள்ளிவர நேர்ந்திருந்தால், அதனால் அவருடைய சுதந்திரம் குறைந்திருக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் தம் வலுவை எங்கே செலுத்துவது என்று தாமே தேர்ந்திருந்தார். நம் வீடுகளில் ‘நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கிறேன்’ என்று அன்பொழுகச் சொல்லி, பெரியவரின் கையிலிருந்து காய் நறுக்கும் கத்தியையும் வாங்கிவிடுகிறவர்கள் அத்தேர்வையும் சேர்த்தே வாங்கிவிடுவதை இதனோடு வைத்து எண்ணலாம்.

தேர்வை வாயால் சொல்ல முடியாதவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. மறதிநோய் முற்றிய ஒருவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார் என்றால், குறிப்பேட்டில் அது நடத்தைக் கோளாறாக எழுதப்பட்டு, தூக்க மருந்தில் போய் முடியக்கூடும். கறவைப் பண்ணைகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில், அவர் வாழ்நாளெல்லாம் நான்கு மணிக்கு மாடு கறக்க எழுந்தவர் என்பதை அவரோடு ஒரே ஊரில் வளர்ந்த உதவியாளர் அறிந்திருப்பார். மருந்துக்குப் பதிலாகக் காப்பியும் மேற்சட்டையும் கொடுத்து உடன் சிறிது நடப்பார். சிற்றூர் இல்லங்களின் மிகப் பெரிய செல்வம் இந்த அறிமுகமே. அவை மூடப்பட்டு, அங்கிருந்தோர் தொலைவிலுள்ள வேறோர் ஊருக்கு மாற்றப்படும்போது முதலில் இழக்கப்படுவதும் இதுவே. 2010 முதல் நடைமுறையிலுள்ள கூட்டாட்சி மதிப்பீட்டுப் படிவத்தில், உடையைத் தாமே தேர்ந்தெடுப்பதும் உறங்கும் நேரத்தைத் தாமே முடிவு செய்வதும் தமக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கும் பகுதி சேர்க்கப்பட்டிருப்பது, அந்த அறிமுகத்தில் ஒரு சிறு பங்கையேனும் தாளில் ஏற்றும் நல்ல முயற்சியாகும்.

ஆயினும் பதில் தாளில் ஏறிய பிறகு அதை நிறைவேற்ற ஆள் வேண்டும். 2024இல் கூட்டாட்சி அரசு அறிவித்த விதி, ஒருவருக்கு ஒரு நாளில் குறைந்தது 3.48 மணி நேரச் செவிலிப் பணி கிடைக்க வேண்டும் என்றும், அதில் 2.45 மணி நேரமாவது உதவியாளருடையதாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. அதாவது 147 நிமிடங்கள்: காலையில் எழுப்புவதும் உடுத்துவதும், மூன்று வேளை உணவும், பலமுறை கழிப்பறையும், குளியலும், இரவுப் படுக்கையும், இடையில் ஒலிக்கும் அழைப்பு மணிகளும் அதற்குள் அடங்க வேண்டும், பட்டனுக்கு வேண்டிய கால் மணி நேரமும் அதிலிருந்துதான் வர வேண்டும். அந்த அளவைக்கூட டெக்சாஸிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2025இல் செல்லாதென்று தள்ளிவிட்டது. இவ்வளவு ஆள் எங்கே கிடைக்கும் என்று சிற்றூர் இல்லங்கள் கேட்பதில் உண்மை இருக்கிறது. காத்துநிற்பதையும் ஒரு வேலையாக மதித்து அதற்குரிய கூலியைத் தராதவரை அந்த ஆள் கிடைக்கப்போவதில்லை என்பதும் அதே அளவு உண்மை.