மாமாவுக்குச் சொன்ன வார்த்தை

இன்ஜினியரிங் படிக்கிறவனுக்குச் சட்டம் எதுக்கு என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் இந்த செமஸ்டரில் ஒப்பந்தச் சட்டம் கட்டாயப் பாடம். பரீட்சைக்கு ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யணும். ஒருவர் முன்மொழியணும், மற்றவர் அதை அப்படியே ஏற்கணும், இரு பக்கமும் ஏதாவது கைமாறணும். வயசும் தெளிந்த புத்தியும் வேணும், மிரட்டலோ ஏமாற்றோ இல்லாத சம்மதம் வேணும். இதெல்லாம் நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கு. சட்டப்படி கட்டுப்படும் எண்ணமும் வேணும். அது மட்டும் பழைய வழக்குகளிலிருந்து வந்தது.

மனப்பாடம் செய்ய ஓர் உதாரணம் தேடினேன். மாமா ஞாபகம் வந்தது.

டிப்ளோமாவில் சேர்ந்தபோது எனக்கு வயசு 17. அப்பாவுக்கு வேலை இல்லாத நேரம். லாரி ஓட்டும் மாமா 3,000 வெள்ளியை உறையில் போட்டுக் கொண்டுவந்து, "போய்ப் படி ஐயா" என்றார். "வேலைக்குப் போனதும் திருப்பிக் கொடுத்துடுறேன் மாமா" என்றேன். கையெழுத்து இல்லை. சாமி மேடை முன்னால் நின்றோம், அவ்வளவுதான்.

பட்டியலை வைத்துப் பார்த்தேன். நம் நாட்டில் 18 வயசு ஆகணும்; 11ஆம் பிரிவின்படி நான் மைனர். உபகாரச் சம்பள ஒப்பந்தமாக இருந்தால் மைனர் என்று சொல்லித் தப்ப முடியாது, 1976இல் திருத்திவிட்டார்கள். ஆனால் மாமா அரசாங்கமும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. போதாததுக்கு 1919இல் இங்கிலாந்தில் பால்ஃபர் வழக்கு: மனைவிக்கு மாதம் 30 பவுன் தருவதாகக் கணவர் சொன்னார், குடும்பத்துக்குள் சொன்ன வார்த்தை, ஒப்பந்தம் ஆகாது என்றது நீதிமன்றம்.

'அப்படின்னா கட்டவேண்டாம்' என்று ஒரு விநாடி மனசு லேசானது. அந்த ஒரு விநாடிதான் இன்னும் உறுத்துகிறது. மாமா முதுகு வலியால் லாரியை விட்டு ஆறு மாசம் ஆச்சு. ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே 3,000 வெள்ளியை வட்டிக்காரனிடம் வாங்கியிருந்தால் 11ஆம் பிரிவைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். விவரம் தெரியாத பிள்ளையை ஏமாற்றுகிறவனுக்காக எழுதிய விதி அது. அதை மாமாவுக்கு எதிராகப் பிடித்து நிற்பதுதான் அசிங்கம். என்னைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியுமா என்பதைத்தான் சட்டம் சொல்கிறது. நான் கடன்பட்டவனா என்று அதனிடம் கேட்டது என் தப்பு.

தசரதனுக்கு ஒரு நல்ல வக்கீல் இருந்திருந்தால், 'என்ன வரம் என்று வரையறை இல்லை, செல்லாது' என்று வாதாடியிருப்பார். அவர் வாக்கு ராமனைக் காட்டுக்கு அனுப்பியது. அதைக் காப்பாற்றியது சரியா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை நடக்கும். என் வாக்கு யாரையும் காட்டுக்கு அனுப்பாது.

தீபாவளிக்கு டியூஷன் காசில் 200 வெள்ளியை உறையில் போட்டு நீட்டினேன். மாமா வாங்கவில்லை.

"வேலைக்குப் போனதும்னுதானே சொன்னே?" என்றார்.