மணிக்கட்டில் ஒரு சாட்சி

விக்கிரவாண்டியில் நாம் நன்கு அறிந்த பெரியவர் ஒருவர் தனியே வாழ்கிறார். வயது எழுபத்தெட்டு. சென்னையிலுள்ள மகன் சென்ற பொங்கலுக்கு அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்தார். அது நாடித்துடிப்பை எண்ணும். அணிந்தவர் விழுந்தால் மகனின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். பெரியவர் இரண்டு நாள் கட்டியிருந்துவிட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "நான் எத்தனை மணிக்கு எழுந்தேன்னு அவன் அங்கிருந்து சொல்றான்" என்பதே அவர் கூறிய காரணம்.

முதியோர் புதுமைக்கு அஞ்சுகின்றனர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021-இல், வீடு தேடி வந்த பணியாளர் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டியபோது இதே பெரியவர் விரலை நீட்டினார். அவ்வாண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம் பார்க்க வரும் பெண்ணிடமும் மகிழ்ந்தே கையை நீட்டுகிறார். அப்பெண் அளவை அவரிடமே சொல்கிறார், "ஊறுகாய் சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று கடிந்துகொள்கிறார். அவரிடம் மறுத்துப் பேசலாம், பொய்யும் சொல்லலாம். கடிகாரமோ நம்மைப் பற்றி வேறொருவரிடம் பேசுகிறது.

எனினும் நியாயம் முழுவதும் பெரியவர் பக்கமே என்று நாம் கருதவில்லை. "என் உடம்பு எனக்குத் தெரியாதா?" என்கிறார். பல வேளைகளில் தெரிவதில்லை. கொரோனாவில் பலருக்கு மூச்சுத் திணறல் தோன்றுமுன்பே இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது. உயர் இரத்த அழுத்தமும் பெரும்பாலும் அறிகுறியின்றியே இருக்கிறது. (கருவியும் தவறும்: பல்ஸ் ஆக்சிமீட்டர் கருநிறத் தோலில் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது.) முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில்தான் உள்ளது. நள்ளிரவில் விழுந்தவரை எவரும் அறியாவிடில் அந்த அருகாமையால் பயன் என்ன? பெரியவரின் மனைவி பின்கட்டில் விழுந்து கிடந்ததை, முன்னறையில் உறங்கிய அவர் விடிந்த பிறகே கண்டார். மகனின் அச்சம் அங்கிருந்து வருவது.

இதை மகன் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தந்தைக்கும் அது தெரியும். சில மாதங்களுக்குப் பின் பெரியவர் தாமே பீரோவைத் திறந்தார். "ராத்திரி மட்டும் கட்டிக்கிறேன். ஆனா நான் எழுந்ததை நீ சொல்லாதடா, கேளு" என்றார்.

இப்போது நாள்தோறும் காலை ஏழு மணிக்கு மகன் அழைக்கிறார். "எப்பப்பா எழுந்தீங்க?" என்று கேட்கிறார். விடை அவர் கைப்பேசியில் முன்பே இருக்கிறது. இது நடிப்பன்றோ என்று நாம் பெரியவரிடம் கேட்டோம். "இருக்கட்டுமே, கேக்கிறானில்ல" என்றார்.