ஆற்றுக்கு அகலம் கொடுங்கள்

(லாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழா மறையுரை)



இன்றைய முதல் வாசகத்தில் எசேக்கியேல் காணும் தண்ணீர், ஆலய வாயிற்படியின் கீழிருந்து கசிந்து புறப்படுகிறது. கிழக்கே ஓடி உவர்க் கடலில் கலக்கிறது. கலந்த இடமெல்லாம் நன்னீராகிறது, மீன் பெருகுகிறது. இரு கரையிலும் மரங்கள்; மாதந்தோறும் கனி, இலையெல்லாம் மருந்து. அந்த மரங்களை யார் நட்டார் என்று இறைவாக்கினர் சொல்லவில்லை. ஆறு ஓடுகிறது, அதனால் மரம் நிற்கிறது. நீர் எப்படிப் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் கரையில் எது வேர் பிடிக்கும் என்பது முடிவாகிறது.

இதை நம் சிங்கப்பூரிலேயே கண்ணால் காணலாம். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி மரினா நீர்த்தேக்கத்தில் சேரும் காலாங் ஆறு, பீஷான் - அங் மோ கியோ பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. வெள்ளத்துக்கு அஞ்சிய ஊர், மழைநீரைச் சீக்கிரம் கடலுக்கு அனுப்பக் கட்டிய கால்வாய் அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீர் அங்கே எதையும் தொடாமல் போயிற்று. மழை பெய்தால் சீறிப் பாயும், மழை விட்டால் அடியில் ஒரு கீற்றாக ஓடும். வண்டல் தங்கவில்லை, விதை தங்கவில்லை.

பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் அந்தக் கான்கிரீட்டை உடைத்து ஆற்றை வளைந்து நெளிந்து ஓட விட்டன. இப்போது அதே இடத்தில் அதன் நீளம் சுமார் 3.2 கிலோமீட்டர். 2012 மார்ச்சில் பூங்கா மறுபடியும் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு பெரிய கவலை இருந்தது: நம் மழையின் வேகத்துக்கு வெறும் மண்கரை தாங்குமா? ஐரோப்பாவில் இப்படிக் கரை கட்டிய அனுபவம் உண்டு. வெப்பமண்டலத்துச் செடிகளில் எது தாங்கும் என்பது பழக்கத்தில் இல்லை. ஆகவே 2009-இல் ஒரு கிளை ஓடையில் 60 மீட்டர் தூரத்துக்குப் பத்து விதமாகச் செய்து பார்த்தார்கள். சுள்ளிகளைக் கட்டுக்கட்டாகப் புதைத்தார்கள், பாறை இடுக்கில் போத்து நட்டார்கள், நாணலைச் சுருட்டி விளிம்பில் வைத்தார்கள். வேர் இறங்க இறங்க மண் இறுகியது. நீரோரத்தில் வெள்ளம் வந்தால் படுத்து, வடிந்தால் எழும் செடிகள். சற்று மேலே புதர். அதற்கும் மேலே மரம். தும்பி வந்தது, பறவை வந்தது. 2014 வாக்கில் நீர்நாய்க் குடும்பமே குடிவந்தது.

நம் வாழ்வையும் அந்தப் பழைய கால்வாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரந்தோறும் திருப்பலிக்கு வருகிறோம், செபமாலை சொல்கிறோம், நவநாள் தவறுவதில்லை. அருள் நம் வழியாகப் பாய்கிறது. நின்று நம்மைத் தொட அதற்கு ஒரு வளைவாவது விட்டிருக்கிறோமா? வீட்டில் பேசாத தம்பியிடம் அது போய்ச் சேர்ந்ததா? பணிப்பெண்ணிடம் நாம் பேசும் குரலில் அது தெரிகிறதா?

நீர் நின்றுபோனாலும் ஆபத்துதான். வைகைக் கரையிலிருந்து வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வெள்ளம் வராத படுகையைச் சீமைக் கருவேலம் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இளஞ்செடியாக இருக்கும்போதே பெயர்த்துப் போட ஒரு வெள்ளம் வந்திருந்தால் அது அங்கே காடாகியிருக்காது. இன்றைய நற்செய்தியில் இயேசு கயிற்றால் சாட்டை பின்னி வியாபாரிகளை விரட்டி ஆலய முற்றத்தைத் துப்புரவு செய்கிறார். அவருடைய கோபம் நமக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்த வியாபாரமும் ஒரே நாளில் வந்து உட்கார்ந்ததல்ல. தடுக்க யாரும் இல்லாத இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வேர்விட்டது. ஆகவே அவருடைய வெள்ளம் நமக்கும் வேண்டும். வருடம் தவறாமல் வேண்டும்.

இன்று நாம் வாசிக்காமல் கடந்த ஒரு வசனமும் உண்டு, முதல் வாசகம் வரும் அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனம். சதுப்பும் சேறும் மட்டும் நன்னீராகாமல் உப்புக்கென்றே விடப்படும் என்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்த இடம். பலிப்பொருள்மேல் தூவ உப்பு வேண்டும் என்று இதே எசேக்கியேல் நான்கு அதிகாரங்களுக்கு முன் சொல்லியிருக்கிறார். கடவுள் எல்லாக் கரையையும் ஒரே கரையாக்குவதில்லை. காலாங், ரோச்சோர் முகத்துவாரங்களிலும் ஒரு காலத்தில் ஓதநீர் ஏறி இறங்கும் கண்டல் சேறுதான் இருந்தது. 2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபின் அங்கே கடல்நீர் ஏறுவதில்லை. கண்டலைப் பார்க்க இப்போது சுங்கை பூலோவுக்குப் போகிறோம். குடிக்கத் தண்ணீர் கிடைத்தது, நன்றி சொல்வோம். எஞ்சியிருக்கும் சேற்றை வீண்நிலம் என்று சொல்லாமல் காப்போம்.

நம் வட்டாரமான தேக்காவின் கதையும் ஆற்றங்கரைக் கதைதான். ரோச்சோர் ஓரத்தில் நீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் வந்தது. பஃபலோ ரோடு என்ற பெயர் அதற்குச் சாட்சி. அந்த வட்டாரத்தை நாடி நம் முன்னோர் வந்தார்கள். தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று இந்த லூர்து அன்னை ஆலயம் 1888-இல் எழுந்தது. புதிதாக வந்தவர்களுக்கு இடம் விட்டதால்தான் நாம் இன்று இங்கே இருக்கிறோம்.

பீஷானில் கனமழை பெய்தால் ஆறு கிட்டத்தட்ட 100 மீட்டர் அகலத்துக்கு விரியும். புல்வெளி அதற்கு வழிவிடுகிறது. மழை வடிந்ததும் பிள்ளைகள் அங்கே மறுபடியும் விளையாடுகிறார்கள். நாமோ, ஞாயிறு மாலை தேக்காவில் நிறையும் நம் வெளிநாட்டு ஊழியர்களைப் பார்த்து, கூட்டம் என்று முகம் சுளிக்கிறோம். ஆறு நாளும் உழைத்தவர்கள் அவர்கள், ஊர்ப் பேச்சைக் கேட்க வருகிறவர்கள். நம்மில் சிலருடைய தாத்தாவும் அப்படி வந்தவர்தான். இன்று திருப்பலி முடிந்ததும் உடனே வண்டி எடுக்க ஓடாதீர்கள். பின்வரிசையில் தனியாக நிற்கும் தம்பியிடம் போய் எந்த ஊர், எந்தத் தங்குவிடுதி என்று கேளுங்கள். அடுத்த ஞாயிறு அவரைச் சாப்பிட அழையுங்கள்.