கட்டிய குதிரையும் கடிக்கும் ஈயும்

ஈயை விரட்டுவது வேறு, ஈயைக் கொல்வது வேறு. இவ்வேற்றுமையை நம் குடும்பங்களில் பிறந்த சிறு குழந்தையும் அறியும். ஆயினும், ஓர் உயிரைக் காப்பதற்காக மற்றோர் உயிரை விரட்ட வேண்டிய நிலை வரும்பொழுது அவ்வேற்றுமை நாம் எண்ணுவதுபோல் அத்துணைத் தெளிவாக இருப்பதில்லை. கடைகளில் 'விரட்டி' என்று பெயர் ஒட்டி விற்கப்படும் புட்டிகளுள் பல, உள்ளபடியே விரட்டுவனவல்ல, கொல்வன. எனவே மருந்தைத் தேர்வதும் அறத்தைத் தேர்வதும் இவ்விடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

நாம் வாழும் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற ஊர். அருகே அடையாறு ஓடுகிறது. மழைக்காலம் முடிந்தால் எங்கும் ஈரமும் சேறும் ஈயுமாக இருக்கும். சென்னையின் தென்பகுதியில் திருமண ஊர்வலங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் குதிரைகளை வாடகைக்கு விடுவோர் சிலர் உளர். அவருள் ஒருவர், நம்மிடம் பயின்ற மாணவரின் மகன், சென்ற கார்த்திகையில் நம்மை வழியில் கண்டு, "டீச்சரம்மா, நீங்க ஈ எறும்பைக்கூடக் கொல்லாதவங்க. என் குதிரைங்க பகலெல்லாம் காலை உதைச்சுக்கிட்டே நிக்குதுங்க. எந்த மருந்தை வாங்கறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் கேலியாகக் கேட்டாரா, வருந்திக் கேட்டாரா என்பது தெரியவில்லை. எப்படியாயினும் வினா நல்ல வினா.

வீட்டில் இதனைச் சொன்னபொழுது இரண்டு விடைகள் உடனே கிடைத்தன. குதிரை கடிபடுவது அதன் வினைப்பயன், நாம் ஏன் இடையில் புக வேண்டும் என்றார் ஒருவர். ஈ நாலறிவுயிர், குதிரையோ மனமும் உடைய ஐயறிவுயிர். கணக்குப் பார்த்தால் ஈயைக் கொல்வதே குறைந்த பாவம் என்றார் மற்றொருவர். இரண்டும் நமக்கு உடன்பாடல்ல. நம் பேரக் குழந்தையைக் கொசு கடிக்கும்பொழுது வினைப்பயன் என்று நாம் கைகட்டி நிற்பதில்லை. பிறர் துன்பத்திற்கு மட்டும் வினைக்கொள்கையை எடுத்துக் கூறுவது அக்கொள்கைக்கே இழுக்கு. அறிவின் வகைப்பாடோ, எவ்வுயிர் எவ்வாறு துன்பத்தை உணர்கிறது என்று அறிந்து நாம் மேலும் கவனமாக நடப்பதற்காகக் கூறப்பட்டது. அதனைக் கடைக்காரரின் விலைப்பட்டியலாக்கி, இது மலிவான உயிர், இதனைப் போக்கலாம் என்று கூறுவதற்காக அன்று.

இனிக் கடிப்பது எது என்பதை அறிதல் வேண்டும். ஈ என்று பொதுப்படக் கூறினால் மருந்தும் பொதுப்படப் போய்விடும். கண்ணோரத்தில் மொய்க்கும் வீட்டு ஈ கடிப்பதே இல்லை. கண்ணீரையும் புண்ணீரையும் நக்கும், அவ்வளவே. கொட்டில் ஈ என்பது பார்வைக்கு வீட்டு ஈயைப் போன்றதுதான். ஆனால் முகத்தின் முன்னே ஊசிபோல் நீண்ட குழல் ஒன்று அதற்கு உண்டு. ஆண், பெண் இரண்டும் குருதி உண்ணும். பெரும்பாலும் கால்களிலேயே அமரும். குதிரை ஓயாது காலை உதைக்குமாயின் முதலில் ஐயுற வேண்டுவது இதனையே. ஊரார் மாட்டு ஈ என்று கூறும் பெரிய ஈ வெயிலில் வரும். அவற்றுள் பெண் மட்டுமே கத்திபோன்ற வாயுறுப்பால் தோலை அறுத்து, ஊறிவரும் குருதியை உண்ணும். கியூலிகாய்டிஸ் என்ற ஒருவகைப் பூச்சி கொசுவினும் சிறியது. 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அந்தியிலும் விடியலிலும் வரும். இதன் கடி சில குதிரைகளுக்கு ஒவ்வாது. அவை பிடரியையும் வாலடியையும் மரத்தில் உரசி உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும்.

இவை வெறும் தொல்லை என்று எண்ண வேண்டா. 1880ஆம் ஆண்டில் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர், அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில்கானில், 'சர்ரா' என்ற நோயுற்ற குதிரைகளின், ஒட்டகங்களின் குருதியில் நீந்தும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டறிந்தார். அது இன்று அவர் பெயராலேயே ட்ரிப்பனசோமா எவன்சி என வழங்குகிறது. மாட்டு ஈயும் கொட்டில் ஈயும் நோயுற்ற விலங்கைக் கடித்த வாயோடு மற்றொன்றைக் கடிக்கும்பொழுது இந்நோய் பரவுகிறது. காய்ச்சல், மெலிவு, கால் வீக்கம் என வளர்ந்து, மருத்துவம் செய்யாவிடில் குதிரையை மாய்த்துவிடுகிறது. 1960இல் நம் நாட்டில் புகுந்து எண்ணற்ற குதிரைகளைக் கொன்ற ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்பியது அந்தச் சின்னஞ்சிறு கியூலிகாய்டிஸ் பூச்சி.

இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். திறந்த வெளியில் வாழும் குதிரைக்கு ஈக்கடி இல்லையா? உண்டு. ஆனால் அதற்கு வழிகளும் உண்டு. ஈ அமர்ந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறும் ஆற்றல் அதற்கு இருக்கிறது. இரண்டு குதிரைகள் ஒன்றன் தலைப்பக்கம் மற்றொன்றன் வால் இருக்குமாறு எதிரெதிர் நின்று, ஒன்றன் முகத்தை மற்றொன்றன் வாலால் வீசிக்கொள்ளும். மண்ணில் புரளும்; காற்று வீசும் மேட்டைத் தேடிப் போகும்; பொறுக்க முடியாதபொழுது ஓடிவிடும். அதனைக் குட்டைக் கயிற்றில், காற்று நுழையாத தகரக் கொட்டகையில், தன் லத்தியின்மேலேயே நிற்குமாறு கட்டியவர் நாம். வாடகைக்கு எடுத்தவரும் கட்டியவரே. கட்டியபின், கடிப்பது ஈயின் இயற்கை என்று கூறி ஒதுங்கிவிட இயலுமா?

தத்துவார்த்த சூத்திரத்தை அருளிய உமாஸ்வாமி ஆசாரியர், கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்தனைக் கூறுகிறார். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கொலைக்கு முன்பாகவே, கட்டுதல் அங்கே குற்றமாக நிற்பதைக் காண்க. உறுப்பை அறுத்தல் என்பது குதிரைக்கு மிகவும் பொருந்தும். அழகுக்காகவும், சேண வாரில் சிக்காதிருக்கவும் குதிரையின் வாலை எலும்போடு வெட்டும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுநாள் இருந்தது. ஈயோட்ட இயற்கை தந்த கருவியை அது பறித்துவிட்டது. பிரிட்டனில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனைத் தடுத்தார்கள். நம் நாட்டில் விலங்குகளை உறுப்புக்குறை செய்வது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைச் சட்டப்படி குற்றம். நம் ஊர்வலக் குதிரைகளின் வாலை எவரும் வெட்டுவதில்லை. ஆனால் சரிகை நாடாவால் பின்னி முடிந்துவிடுகிறார்களே, அந்த மாலைப்பொழுது முழுதும் அக்குதிரைக்கு வால் இருந்தும் பயனில்லை.

ஆகவே கட்டியவர் ஈயை விலக்கும் கடமையையும் ஏற்றுக்கொண்டவராகிறார் என்பதே நம் முடிபு. எஞ்சியது, எதனைக் கொண்டு விலக்குவது என்பது.

புட்டியிலிருந்து தொடங்குவது தவறு. லத்தியிலிருந்து தொடங்க வேண்டும். வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ லத்தி போடும். சிறுநீரில் ஊறி அழுகிய வைக்கோலும் லத்தியும் கலந்த இடமே கொட்டில் ஈயின் தொட்டில். வெப்பமான நாளில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக 7 முதல் 10 நாள் போதும். கொட்டில் ஈக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். நாள்தோறும் காலையும் மாலையும் அகற்றி, லாயத்திற்குத் தொலைவில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்தினால், ஈ அங்கே முட்டையிட நாடாது. பிறக்காத ஈயைக் கொல்ல வேண்டிய தேவை எவருக்கும் நேராது. எந்தப் புட்டியாலும் ஆகாத அளவு இதனால் ஆகும் என்று துணிந்து கூறலாம்.

அடுத்தது காற்று. கியூலிகாய்டிஸ் வலுவற்ற பறவை. ஒரு மின்விசிறியின் காற்றைக்கூட எதிர்த்து அதனால் வர இயலாது. அந்தியிலும் விடியலிலும் லாயத்தில் விசிறி சுழன்றால் எவ்வுயிருக்கும் ஊறில்லை. வலை கட்டுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சாதாரணக் கொசுவலையின் கண்ணில் இப்பூச்சி நுழைந்துவிடும், மிக நுண்ணிய வலை வேண்டும். முகத்திற்கு மெல்லிய வலைத்துணியும், நெற்றியில் ஆடும் குஞ்சமும் கண்ணைக் காக்கும். அருகனின் இருமருங்கும் வீசப்படும் சாமரையும், நம் முனிவர்கள் ஏந்தும் மயிற்பீலியும் பூச்சியை நோகாமல் விலக்கும் கருவிகளே அல்லவா? மயில் தானே உதிர்த்த பீலியையே அதற்கும் கொள்வர்.

வரிக்குதிரையின் வரிகளும் ஈயை ஏமாற்றுகின்றன என்று 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் காட்டின. பிரிட்டனில் குதிரைகளுக்கு வரிப் போர்வை போர்த்திப் பார்த்தார்கள். மாட்டு ஈக்கள் நெருங்கி வந்தும் அமர மாட்டாமல் விலகின. ஜப்பானில் கரிய பசுக்களின்மேல் வெள்ளை வரி தீட்டியபொழுது ஈக்கடி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நகைக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கென வழங்கும் இக் நோபல் பரிசு 2025இல் இப்பசு ஆய்வுக்குக் கிடைத்தது. நகைப்பவர் நகைக்கட்டும், ஓர் ஈயும் சாகாமல் கடியைப் பாதியாக்கிய செய்தி நமக்கு இனிமையாகவே இருக்கிறது.

இதற்குப் பின்னரே பூசும் பொருள்கள். வேப்பெண்ணெய், எலுமிச்சைப்புல் இனத்து எண்ணெய் முதலியன மணத்தால் விலக்குவன. ஆயினும் ஓரிரு மணி நேரத்தில் ஆவியாகியோ வியர்வையில் கரைந்தோ போய்விடும். வெறும் எண்ணெயைக் கலக்காமல் பூசினால் தோல் எரியும். ஆதலின் சிறிதளவு கழுத்தில் தடவி ஒருநாள் பார்த்தபின்பே மேனியில் பூச வேண்டும். டீட், பிகாரிடின் என்பன மனிதருக்கென ஆக்கப்பட்ட உண்மையான விரட்டிகள். பூச்சி அமர விரும்பாதவாறு செய்வன. டீட் அடர்த்தி மிகுந்தால் குதிரையின் தோலுக்கு ஊறு செய்யும் என்பதால் மருத்துவரைக் கேட்டே கொள்ள வேண்டும். பெர்மெத்ரின் கலந்தவை வேறு. அவை நெடுநேரம் பயன் தருவன. கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவதும் அவற்றையே. ஆனால் அப்பொருள் ஈயின் நரம்பைத் தாக்கி வீழ்த்துவது. அதனை விரட்டி என்பது பெயரளவே. லாயத்துப் பூனைக்கும் அது நஞ்சு. கழுவிய நீர் ஓடையில் சேர்ந்தால் மீனுக்கும் நஞ்சு. அடையாற்றின் அருகே குடியிருப்போர் இதனை எண்ணாதிருக்கலாகாது. நம் பாட்டிமார் மாட்டுக் கொட்டிலில் இட்ட நொச்சி, வேம்புப் புகைமூட்டத்தைச் சிலர் பரிந்துரைப்பர். குதிரையின் நுரையீரல் தூசியையும் புகையையும் தாங்காதது. அடைத்த லாயத்தில் புகை போடுவது ஈயை விட்டுக் குதிரையை விரட்டுவதாகும்.

இத்தனைக்குப் பின்னும் ஓர் இடர்ப்பாடு நீங்கவில்லை. அள்ளிய லத்தியில் முன்பே இட்ட முட்டைகள் இருக்குமே, வெயிலில் அவை அழியுமே என்று கேட்கலாம். குதிரையின் புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் என் செய்வது? புழுவை எடுத்தால் புழு சாகும். எடுக்காவிடில் அது உயிருள்ள தசையைத் தின்றுகொண்டே உட்செல்லும். இதற்கு இம்சையற்ற விடை இருப்பதாக நாம் கூறமாட்டோம். இம்சைக்கு வேராக ஆசாரியர் கூறியது பிரமாதம், அதாவது விழிப்பின்மை. துப்புரவு செய்கையில் தவிர்க்க இயலாது நேர்வதும், சோம்பிக் கிடந்துவிட்டுப் பின்பு புட்டியைத் தெளித்து ஆயிரக்கணக்கில் வீழ்த்துவதும் ஒன்றாகா. புழு வைத்த புண்ணை மருத்துவரைக் கொண்டு தூய்மை செய்வதே இல்லறத்தார்க்குத் தக்கது என்பது நம் கருத்து. அதனைப் பாவமற்றது என்று பெயர் மாற்றாமல், அப்புண் ஏன் முதல் நாளிலேயே மூடிக் கட்டப்படவில்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். துறவறத்தார் இதற்கு வேறு விடை கூறக்கூடும். அவர்கள் குதிரையைக் கட்டுவதுமில்லை.

அந்தக் குதிரைக்காரரிடம் இவ்வளவையும் கூறவில்லை. லத்தியைப் பற்றியும் விசிறியைப் பற்றியும் மட்டும் கூறினோம். "ரெண்டு விசிறிக்குக் கரண்டு பில்லு யாரு டீச்சரம்மா கட்டறது?" என்று கேட்டார். அதுவும் நேர்மையான வினாவே. ஒரு புட்டியின் விலை கண்ணுக்குத் தெரியும். நாள்தோறும் இருமுறை லத்தி அள்ளும் ஆளின் கூலியும் மின்கட்டணமும் மாதந்தோறும் வளரும். வாடகை குறைவாகப் பேசி முடிக்கும் நாமே அந்தக் கூலியையும் குறைத்துவிடுகிறோம்.

குதிரையே வேண்டா என்பது நம் வீட்டு வழக்கம். ஆயினும் மணமகனைக் குதிரையில் அமர்த்தும் குடும்பங்களோடு இன்று நாம் சம்பந்தம் செய்கிறோம். மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாதரின் இலாஞ்சனமும் குதிரையே. அமர்த்தத்தான் போகிறோம் என்றால், வாடகை பேசும் நாளிலேயே ஒருமுறை லாயம்வரை சென்று தரையை நோக்கலாம். விசிறிக்கும் ஆளுக்கும் சேர்த்துச் சிறிது கூடுதலாகவே பேசலாம். ஊர்வலம் புறப்படும் வேளை பெரும்பாலும் அந்தி. கியூலிகாய்டிஸ் எழும் வேளையும் அதுவே. ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படச் சொல்லலாம். சரிகை நாடாவைக் கழுத்திலும் சேணத்திலும் எவ்வளவு வேண்டுமாயினும் கட்டட்டும். வாலை மட்டும் அவிழ்த்துவிடச் சொல்ல வேண்டும்.