பெரியப்பாவின் காலடிக் கணக்கு

கிரேட் நிக்கோபார் தீவில் உள்ள எங்கள் கேம்பல் பேயில் ஊர்ப் பெயரைப் போலவே கிலோமீட்டரும் புழங்கும். தெற்கே இந்திரா முனையை நோக்கிப் போகிற வடக்கு-தெற்குச் சாலையில் 35-ஆவது கிலோமீட்டர் என்றால் சாஸ்திரி நகர். கிழக்கு-மேற்குச் சாலையில் 27-ஆவது கிலோமீட்டர் என்றால் ஷொம்பென் பழங்குடி மக்களுக்காக அரசு கட்டிவைத்த குடில். எல்லைச் சாலைகள் நிறுவனம் மழைக்காட்டை வெட்டிப் போட்ட சாலைகள் இவை. ஒருவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை இங்கே சாலையோரக் கல்லே சொல்லிவிடும். அப்படிப்பட்ட ஊரில் இருப்பவருக்குக் காலடி எண்ணும் கருவி ஒன்றைப் பரிசாகத் தேட வேண்டி வந்தது.

பெரியப்பா முன்னாள் ராணுவத்தினர். 1969 முதல் பத்தாண்டுக்கு மேல், ஓய்வுபெற்ற ராணுவத்தினரின் குடும்பங்களை அரசு கிரேட் நிக்கோபாரில் குடியமர்த்தியது. பெரும்பாலோர் பஞ்சாபிகள். தமிழர், மலையாளி, மராட்டியர், தெலுங்கர் என்று மற்றவர்களும் வந்தார்கள். நிலம் கொடுத்தார்கள், காடு திருத்தச் சொன்னார்கள். வாகனம் அரிதாக இருந்த காலம் அது. கடைக்கும் கப்பலுக்கும் நடைதான். அந்தப் பழக்கம் பெரியப்பாவை இன்னும் விடவில்லை. இந்தியா முழுக்க ஒரே கடிகாரம் என்பதால் கிழக்கே ஒதுங்கிக் கிடக்கும் எங்கள் தீவில் ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடும். அந்நேரத்துக்கு அவர் ஜெட்டிப் பக்கம் பாதி தூரம் போயிருப்பார். கூடவே அவரோடு குடியேறிய சர்தார்ஜி ஒருவர். இருவரும் பேசுவது இந்தி, திட்டிக்கொள்வது அவரவர் தாய்மொழியில்.

கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா, பெரியப்பாவின் மகள், போனில் சொன்னாள்: “தம்பி, அப்பாவுக்கு எண்பத்தஞ்சு வருது. நடக்கிறதை எண்ணுற மிஷின் ஒண்ணு நீயே பார்த்து வாங்கு. ரொம்ப ஈஸியா இருக்கணும். கண்ணு சரியில்ல, ஸ்மார்ட்போனும் அவருக்கு ஆகாது.” லீவில் சென்னை போகும்போது வாங்கி வருவதாக ஒப்புக்கொண்டேன்.

கடையில் ‘ஈஸி’ என்று காட்டுவதெல்லாம் கடைக்காரருக்கு ஈஸி. அவர் கையில் கட்டும் பேண்டை எடுத்தார், தன் போனில் ஆப்பைத் திறந்தார், ப்ளூடூத்தை இணைத்தார், என் பெயர், வயது, எடை எல்லாம் கேட்டார், கடைசியில் “பாருங்க சார், எவ்வளவு சிம்பிள்” என்றார். அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எண்பத்தைந்து வயது விரலுக்குத் தொடுதிரை பாதி நேரம் அசைந்து கொடுக்காது. காய்ந்த விரலைத் திரை விரலென்றே எடுத்துக்கொள்வதில்லை.

அதனால் வேறு வகையில் யோசித்தேன். இடுப்பில் செருகும் பழைய வகைக் கருவிதான் சரி. எழுத்து பெரிதாக, வெள்ளைமேல் கறுப்பாக இருக்க வேண்டும். வெயிலில் தெரிய வேண்டும். ஒரு பொத்தான் போதும். நள்ளிரவில் தானே பூஜ்யத்துக்குத் திரும்பினால் அந்த ஒரு பொத்தானும் வேண்டாம். சார்ஜர் கூடாது, பட்டன் பேட்டரி போதும். கிளிப்போடு ஒரு கயிறும் இருக்க வேண்டும், இல்லையென்றால் குனிந்து செருப்பு மாட்டும்போது கழன்று விழும். லுங்கியில் எங்கே மாட்டுவது என்பது எந்தக் கையேட்டிலும் இல்லாத கேள்வி. பெரியப்பா லுங்கிக்கு மேல் பெல்ட் கட்டுகிறவர், அதனால் தப்பித்தேன். உலோகக் கிளிப் வேண்டவே வேண்டாம். வருஷத்தில் பெரும்பகுதி மழை பெய்கிற, காற்றிலேயே உப்பு இருக்கிற இடத்தில் சைக்கிள் செயினே ஒரு பருவம் தாங்குவதில்லை.

இந்தக் கருவிகளின் உள்வேலை எளியது. பழையதில் சிறு கம்பிச்சுருளில் தொங்கும் ஒரு கை இருக்கும். இடுப்பு ஏறி இறங்கும்போது அதுவும் ஏறி இறங்கி ஒரு தொடுப்பைத் தட்டும். தட்டினால் ஓர் அடி. கருவி செங்குத்தாக நிற்காவிட்டால் கணக்கு கெடும். தொப்பை உள்ளவர்களுக்கு இடுப்புப் பட்டை முன்னால் சாய்வதால் அது எப்போதுமே குறைத்துச் சொல்லும் என்பது ஒரு சோகம். புதியவற்றில் முடுக்கத்தை மூன்று திசையிலும் உணரும் சில்லு இருக்கிறது, பையில் போட்டாலும் எண்ணும். ஆனால் இரண்டு வகையுமே தடுமாறும் இடம் ஒன்று உண்டு: காலைத் தேய்த்து மெதுவாக நடப்பவர்கள். மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குக் கீழே போனால் பல கருவிகள் அடிகளைத் தவறவிடத் தொடங்கும். வயதானவருக்கு வாங்கும்போது இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. நூறு அடி எண்ணியபடி மெதுவாக நடந்து பார்க்க வேண்டும். நூறுக்கு இரண்டு மூன்று கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. எழுபது என்று காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்னொரு சிக்கல் தூரக் கணக்கு. பல கருவிகள் முதலில் ஓர் அடியின் நீளத்தைக் கேட்கும். பெரியப்பாவைக் கேட்டால் யோசிக்காமல் “முப்பது இஞ்ச்” என்பார். ராணுவ அணிநடையில் ஓர் அடி 30 அங்குலம், நிமிஷத்துக்கு 120 அடி. இருபது வயதில் உடம்பில் ஏற்றிய அளவு. அந்த அளவில் ஒரு கிலோமீட்டருக்கு 1,300 அடிக்குச் சற்று மேல் ஆகும். இப்போது அவர் எடுத்து வைப்பது இரண்டடி நீளத்துக்கு மேல் போகாது, கிலோமீட்டருக்கு 1,600-ஐத் தாண்டும். சாலையோரக் கல் இருக்கிறதே, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை நடக்கவைத்து உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. அறுபது வருஷமாக முப்பது அங்குலம் என்று நம்பி நடக்கிற மனிதரிடம் போய், இருபத்துநாலுதான் என்று சொல்ல ஒரு கருவி எதற்கு? ஆகவே தூரம், கலோரி எதையும் காட்டாமல் அடியை மட்டும் எண்ணுகிற கருவி என்று முடிவு செய்தேன். அறிவியல் ஆய்வாளர்கள் நெடுங்காலம் அளவுகோலாக வைத்திருந்த யமாக்ஸ் டிஜி-வாக்கர் எஸ்டபிள்யூ-200 அப்படிப்பட்டதுதான். ஒரே பொத்தான், ஒரே எண், வேறொன்றும் கிடையாது. அதே தரத்தில் கையில் கிடைத்த ஒன்றை வாங்கினேன்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிறார்களே, அந்த எண்ணுக்கு வருவோம். ஜப்பானில் யமாசா நிறுவனம் 1965-இல் விற்பனைக்கு விட்ட மான்போ-கெய் என்ற கருவியோடு பரவிய எண் அது. கருவியின் பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. மருத்துவர்கள் கூடி ஆராய்ந்து வகுத்த எல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஐ-மின் லீ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடிக்காரர்களைவிட மரண ஆபத்து தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. எண்பத்தைந்து வயதுக்காரரிடம் பத்தாயிரத்தைச் சொல்லி விரட்ட வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

ஆனால் அந்த எண் ஜப்பானுக்கு நூறு வருஷம் முன்பே நம் பக்கத்தில் இருந்திருக்கிறது. டேராடூனில் மான்ட்கோமரி என்ற ராணுவ அதிகாரி, எல்லை தாண்டி ரகசியமாக அளக்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் குமாவுன் மலைக்காரரான நைன் சிங் ராவத், 1866 தொடக்கத்தில் லாசாவை அடைந்தவர். அவர் கையில் ஜபமாலை. 108 மணி இருக்க வேண்டிய மாலையில் 100 மணிதான். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் அடி, அதாவது ஐந்து மைல். ஐந்து மைல் என்பது எட்டு கிலோமீட்டர். பிறகு 1877-இல் லண்டன் புவியியல் கழகம் நைன் சிங்குக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

நைன் சிங் எண்ணியது தனக்காக அல்ல, வரைபடத்துக்காக. பெரியப்பாவின் கணக்கு யாருக்கு?

அக்காவுக்கு இதில் என் மேல் கொஞ்சம் வருத்தம். வாங்கியதைப் படமெடுத்து அனுப்பியதும், “இதுல போன் கனெக்ஷன் இல்லையா? அப்பா எவ்வளவு நடந்தாருன்னு இங்கேயே தெரிஞ்சா நல்லா இருக்கும்ல” என்றாள். அவள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020-இல் இங்கே வரும்வரை, கோயம்புத்தூரில் இருப்பவளுக்கு அப்பாவோடு ஒழுங்காகப் பேசவே வழியில்லை. அதற்கும் முன்னால், நிலநடுக்கமும் சுனாமியும் வந்த 2004 டிசம்பர் 26 அன்று இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் நாலு மீட்டருக்கு மேல் நிலத்தோடு இறங்கிப்போனது. சாலை கடலுக்குள் போனது. தெற்குக் குடியிருப்புகளிலிருந்து தப்பித்தவர்களில் மலைக்காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் உண்டு. பெரியப்பா அவர்களில் ஒருவர். அவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி போய்ச் சேரும்வரை அவள் எப்படி இருந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். மகளுக்கு அது வெறும் எண் அல்ல, அப்பா இன்று எழுந்து நடந்தார் என்ற தகவல்.

அதற்குப் போன் இருக்கிறது என்றேன். பரிசுக்குள் கண்காணிப்பை வைத்துக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. மழையில் ஒருநாள் வீட்டிலேயே இருந்தால், “ஏம்ப்பா இன்னைக்கு எண்ணூறுதான் காட்டுது?” என்று ஒரு கேள்வி வரும். அடுத்த நாள் அந்தக் கேள்விக்குப் பயந்து நடப்பார். தானாக நடந்தவர் பதில் சொல்வதற்காக நடக்கத் தொடங்குவார். இது என் கற்பனை மட்டுமல்ல. ஜோர்டன் எட்கின் என்ற அமெரிக்கப் பேராசிரியை 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அடியை எண்ணிப் பார்த்தவர்கள் அதிகம் நடந்தார்கள், ஆனால் நடையை ரசித்தது குறைந்தது. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். ஜாமா இதழ் 2007-இல் வெளியிட்ட, 26 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரையில், இந்தக் கருவியை மாட்டிக்கொண்டவர்களின் நடை கால்பங்குக்கு மேல் கூடியிருந்தது. நடக்காதவர்களை எழுப்பிவிட இது நல்ல கருவிதான். பெரியப்பாவை எழுப்ப யாரும் வேண்டாம், அவர்தான் எங்களை எழுப்புகிறார். நடையில் ஆசை உள்ளவருக்குக் கொடுக்கும்போது அது வேலை வாங்கும் பொருளாக இல்லாமல் விளையாட்டுப் பொருளாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

விளையாட்டாகத்தான் ஆகியிருக்கிறது. சர்தார்ஜி தினமும் ஜெட்டியருகே நின்று “கித்னா ஹுவா?” என்பார். பெரியப்பா லுங்கியிலிருந்து கருவியைக் கழற்றி, கண்ணருகே கொண்டுபோய்ப் படித்துச் சொல்வார். இருவரும் ஒரே தூரம்தான் நடந்திருப்பார்கள். ஆனால் சர்தார்ஜி ஆறடிக்காரர், தன் கணக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதில் அவருக்குப் பெருமை. அதிகம் எடுத்து வைத்தது நான் என்பதில் பெரியப்பாவுக்குப் பெருமை. சில நாள் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார். யாரும் கேட்பதில்லை. கோயம்புத்தூர் அக்கா இப்போது போனில் கேட்பது, கப்பல் வந்ததா, மீன் கிடைத்ததா என்று.

உங்கள் வீட்டிலும் இப்படி நடக்கும் பெரியவர் ஒருவருக்கு வாங்குகிறீர்கள் என்றால், பெட்டியோடு அப்படியே கொடுத்துவிடாதீர்கள். பிரித்து, பேட்டரி போட்டு, நேரம் சரிசெய்து, நூறு அடி நடந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். பொடி எழுத்துக் கையேட்டை நீங்களே வைத்துக்கொண்டு, நாலு வரியைப் பெரிதாகத் தமிழில் எழுதித் தாருங்கள். அவர் எண்ணைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் கேட்காதீர்கள். உதிரி பேட்டரி இரண்டு கூடவே வாங்கிவிடுங்கள். கேம்பல் பேயைப் போன்ற ஊர் என்றால் நாலாக வாங்குங்கள். ஸ்ரீவிஜயபுரத்திலிருந்து (பழைய போர்ட் பிளேர்) இங்கே கப்பல் வர இரண்டு மூன்று நாள், கடல் கொந்தளித்தால் அதற்கும் மேல்.